வால்வெட்டியின் இரண்டாவது குற்றம்

நோட்டீஸ் வந்தபோது வால்வெட்டியின் இரண்டு கைகளும் முழங்கை வரை தொட்டிக்குள் இருந்தன. அதனால் கையெழுத்துப் போட்டு வாங்கியது அவளுடைய நாத்தனார். உறையைக் கிழித்து முதல் பக்கத்தை ஓட்டமாகப் படித்தவள், மோட்டார் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தினாள்.

"அண்ணி, உங்க மேல ரெண்டு குற்றம் போட்டிருக்காங்க. ஒண்ணு பத்தலையாம்."

"ரெண்டா? யாரை வெட்டிப் போட்டேனாம்?"

"மீனை. அதையும் எழுதியிருக்காங்க."

வால்வெட்டி என்பது பெற்றவர்கள் வைத்த பெயரா என்ன? தூண்டில்காரர்கள் வைத்தது. ஆற்றில் பெரிய மீனுக்குக் காத்திருக்கிறவர்கள் கொக்கியில் இரையாக மாட்ட உயிருள்ள பொடிமீன் தேடுவார்கள். சுண்டுவிரல் நீளம்தான் இருக்கும், கையில் எடுத்தால் துள்ளித் தப்பிவிடும். அதைப் பக்கத்து ஓடையில் பிடித்து விற்பதுதான் அவள் பிழைப்பு. பாலத்தடியில் தகரக் கூரை போட்ட ஒற்றை அறை, மூன்று சிமெண்டுத் தொட்டி, நாள் முழுக்கக் கொடகொடவென்று காற்று ஊதும் ஒரு மோட்டார், அண்ணன் போன பிறகும் அண்ணியை விட்டுப் போக மனசில்லாத ஒரு நாத்தனார். கடை என்றால் இவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டுதான் இரண்டு பேரும் யார் கையையும் எதிர்பார்க்காமல் தலைநிமிர்ந்து நடந்தார்கள்.

மூன்று வருடத்துக்கு முன்னால்தான் அந்த ஓடைக்கு விதி வந்தது. அதுவரை யார் வேண்டுமானாலும் வலை போட்டு வாரலாம். வாரினார்கள் ஐயா, வாரினார்கள். ஓடையை வழித்த சட்டி மாதிரி ஆக்கிவிட்டுத்தான் ஓய்ந்தார்கள். அப்புறம் அரசாங்கத்துக்குக் கண் திறந்தது. லைசென்ஸ் உள்ளவர் மட்டும் பிடிக்கலாம். வலை கூடாது, கம்பிக்கூடு மட்டும். ஒரு நாளைக்கு ஒரு வாளி. வயிற்றில் முட்டை உள்ள மீனை அங்கேயே திருப்பி விட்டுவிட வேண்டும். ஊரே முணுமுணுத்தது. வால்வெட்டி ஒருத்திதான் "இப்பவாவது புத்தி வந்துச்சே" என்றாள். மேல் மடு என்கிற ஆழமான இடத்திலிருந்து பாலம் வரைக்கும் அவள் ஒருத்திக்குத்தான் லைசென்ஸ் கிடைத்தது.

அந்த முட்டை விதியிலிருந்து வந்ததுதான் அவள் பெயர். திருப்பி விட்ட மீனுக்கு வெட்கமா, மானமா? மறுநாள் காலையில் அதே கூட்டுக்குள் அதே மீன் வந்து உட்கார்ந்திருக்கும். மறுபடி அதைக் கையில் எடுத்து வயிற்றைத் தடவினால் முட்டை உதிர்ந்துவிடும். ஒரு மீனை இரண்டு தரம் தடவக் கூடாது என்று அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். முட்டை மீன் என்று தெரிந்ததும் சின்னக் கத்தரிக்கோலால் வாலின் கீழ்நுனியில் ஒரு துணுக்கு வெட்டி எடுத்துவிடுவாள். ரத்தம் வராது, நாம் நகம் வெட்டுகிற மாதிரிதான். ஐந்தாறு வாரத்தில் வளர்ந்துவிடும். அடுத்த நாள் கூட்டைத் தூக்கியதும் வாலைப் பார்த்தால் போதும், கை படாமல் தண்ணீரில் கவிழ்த்துவிடலாம். அவள் இடதுகைக்காரி. அதனால் வெட்டு எப்போதும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கும்.

"முட்டை மீன்தான் கொழுகொழுன்னு இருக்கு, வர்றவங்க எல்லாம் அதைத்தான் கேக்கறாங்க" என்று நாத்தனார் தினமும் புலம்புவாள். "நீங்க என்னடான்னா அதுக்கு முடி வெட்டி, பவுடர் போட்டு அனுப்பி வைக்கறீங்க. சட்டம் போட்டவங்களே அதை மறந்துட்டாங்க அண்ணி."

"அவங்க மறந்தா மறக்கட்டும். அடுத்த வருஷம் நான் என்னத்தை விக்கிறது, உன் வாயையா?"

"அதை யாரு வாங்குவா?"

"அதான் சொல்றேன்."

இப்படிச் சிரித்துப் பேசியது எல்லாம் இரண்டு மாதத்துக்கு முன்னால். அப்புறம் ஓடையில் மீன் குறைய ஆரம்பித்தது. முதலில் முக்கால் வாளி, பிறகு அரை வாளி. நோட்டீஸ் வந்த அன்று காலையில் எட்டுக் கூட்டையும் தூக்கிப் பார்த்ததில் மொத்தம் ஏழு மீன். எண்ணி ஏழு!

நோட்டீஸ் சொன்னது இதுதான். முதல் குற்றம்: ஓடையில் மீன் பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது; அங்கே லைசென்ஸ் இருப்பது இவளுக்கு மட்டும்; ஆகவே அளவுக்கு மீறி எடுத்தவள் இவள்தான். இரண்டாவது குற்றம்: மீன்களை அங்கஹீனப்படுத்துகிறாள்; விவரத்தோடு ஒரு படமும் போட்டிருந்தது. இரண்டுக்கும் விளக்கம் சொல்ல வியாழக்கிழமை பத்து மணிக்கு ஆபீசுக்கு வர வேண்டும். விளக்கம் திருப்தியாக இல்லையென்றால் லைசென்ஸ் ரத்து. லைசென்ஸ் போனால் கடை போச்சு. வால்வெட்டி கையைத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கி முழுசாகப் படித்தாள். கோபம் வந்தது. ஊரில் ஒருத்தி விதியை மதித்தாள் என்றால் அவள் கையில்தான் விலங்கு மாட்டுவார்களா?

எழுதியவர் மீன்வளத் துறைக்குப் புதிதாக வந்த ஆய்வாளர். சட்டையில் ஒரு கசங்கல் இருக்காது. எதைப் பார்த்தாலும் அளப்பார், அளந்ததை எழுதுவார். மூன்று வாரத்துக்கு முன்னால் அவர் ஓடைக்கு வந்திருந்தார்.

"சார், மேல் மடுக்கிட்ட பெரிய லாரி வந்துட்டுப் போன தடம் இருக்கு. புல்லெல்லாம் நசுங்கிக் கிடக்கு. வந்து பாருங்க" என்று அவள் கெஞ்சினாள்.

"எந்த லாரி? நம்பர் என்ன? யார் பார்த்தது?"

"நான் பாக்கலை சார். ஆனா..."

"ஆனான்னு எழுத முடியாதும்மா" என்றவர், அவள் கையில் இருந்த கத்தரிக்கோலைப் பார்த்துவிட்டார். உடனே கரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். வெட்டச் சொன்னார், வெட்டினாள். வெட்டிய வாலைச் சின்ன அளவுகோலால் அளந்தார், நோட்டில் படம் வரைந்தார், அம்புக்குறி கூடப் போட்டார், அந்த மீனை அவள் ஓடையில் விட்டதையும் எழுதிக்கொண்டார். போகும்போது ஒரு தாங்க்ஸ் வேறு. பாராட்டி எழுதத்தான் படம் போடுகிறார் என்று இந்த அப்பாவி நினைத்துக்கொண்டாள்.

லாரி யாருடையது என்று ஓடைத் தண்ணீருக்குக் கூடத் தெரியும். ஊருக்கு வெளியே ஒரு குளம் வைத்திருக்கும் முதலாளியுடையது. பொடிமீன் வியாபாரிகள் சங்கத்துக்குத் தலைவரும் அவர்தான். குளத்தில் வளர்த்த மீனுக்கு வாளிக் கணக்குக் கிடையாது, எவ்வளவு வேண்டுமானாலும் விற்கலாம், விதி அப்படி. அவர் மாதாமாதம் "எல்லாம் என் குளத்தில் பொரித்து வளர்த்தவை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, லாரித் தொட்டியில் நான்கு ஊருக்கு மீன் அனுப்பிக்கொண்டிருந்தார். காகிதம் சுத்தமாக இருந்தால் ஆபீசுக்குப் போதாதா?

வியாழக்கிழமை நாத்தனாரும் கூட வந்தாள். மாடியில் நீள மேசைக்குப் பின்னால் மேலதிகாரி உட்கார்ந்திருந்தார். எல்லோரும் மேடம் என்றார்கள். மூக்குக் கண்ணாடி நெற்றிக்கு மேலே ஏறியிருந்தது. பக்கத்தில் கோப்போடு ஆய்வாளர். சங்கத் தலைவர் என்ற முறையில் முதலாளியும் வந்து, கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"ரொம்ப வருத்தமா இருக்கு மேடம்" என்று அவர் ஆரம்பித்தார். "நம்ம சங்கத்துக்கே கெட்ட பேரு. ஓடையை இப்படிச் சுரண்டினா எப்படி? பேசாம அங்க யாரும் மீனே எடுக்கக் கூடாதுன்னு மூடிடுங்க. குளத்து மீன்தான் எங்ககிட்ட இருக்கே."

நாத்தனார் பல்லைக் கடிப்பது வால்வெட்டிக்குக் கேட்டது.

மேடம் அவளைப் பார்த்தார். "நீங்க எடுக்கலைன்னா மீன் எங்கம்மா போச்சு?"

"இவர் குளத்துக்கு மேடம்."

முதலாளி வாய்விட்டுச் சிரித்தார். "தங்கச்சி, வாய் இருக்குன்னு எதை வேணா பேசிடக் கூடாது."

"பேச வேண்டாம், தட்டிப் பாத்தாப் போதும்" என்றாள் அவள். "குளத்துல வளர்ந்த மீனுக்குத் தீனி டப்பா சத்தம் தெரியும் மேடம். தட்டினா ஓடி வந்து மொய்க்கும். ஓடை மீனுக்கு அந்தச் சத்தம் தெரியாது. ஒருதரம் போய்த் தட்டிப் பாருங்க. மொய்ச்சதுன்னா என் லைசென்ஸை நானே குடுத்துட்டுப் போறேன்."

மேடத்தின் கண்ணாடி நெற்றியிலிருந்து மூக்குக்கு இறங்கியது. அவர் பத்து வருடம் மீன் பண்ணையில் வேலை பார்த்தவர். தினமும் டப்பா தட்டியவர். "அது சரிதான்" என்றார்.

முதலாளி அங்கேயாவது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். பெருமை யாரை விட்டது? "வாங்களேன் மேடம், இப்பவே வாங்க. எனக்கு மறைக்க என்ன இருக்கு?" என்று முதல் ஆளாக எழுந்தார்.

ஒரே ஜீப்பில் எல்லோரும் போனார்கள். நீள்சதுரமான குளம், சுற்றிலும் கம்பி வேலி, வேலிக்குப் பக்கத்தில் லாரி. லாரியின் தொட்டியிலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. குளத்துத் தண்ணீருக்கு அடியில் மீன் கூட்டம் கருநிழலாக நகர்ந்தது. பார்த்ததுமே வால்வெட்டிக்குத் தெரிந்துவிட்டது. அத்தனையும் அவள் ஓடை மீன். சத்தியம் செய்யலாம், ஆனால் சத்தியத்தை எழுத முடியாதே.

தீனி மூட்டையைக் கொண்டு வரச் சொன்னார் மேடம். வந்தது. வாய்த் தையல் பிரிக்கவே இல்லை. மேலே ஒரு விரல்கடைத் தூசி.

"புது மூட்டை" என்றார் முதலாளி. "யார்கிட்டயாவது கத்தி இருக்கா?"

வால்வெட்டி இடுப்பிலிருந்து தன் கத்தரிக்கோலை எடுத்து நீட்டினாள். அவர் அதை வாங்கித் தையலை வெட்டினார். டப்பாவில் தீனி நிரப்பி மேடமே டொக் டொக் டொக் என்று தட்டி, கைப்பிடி தீனியை விசிறினார். நிழல் கலைந்தது. ஒரு மீன் கூட மேலே வரவில்லை. அத்தனையும் பயந்து அடியில் போய் ஒடுங்கின. தீனி மட்டும் மரத்தூள் மாதிரி மிதந்துகொண்டிருந்தது.

"பாத்தீங்களா!" என்று நாத்தனார் கத்திவிட்டாள்.

"என்னத்தைப் பாக்கறது?" முதலாளி அசையவில்லை. "ஜீப்பு சத்தம், அஞ்சு பேரு நிழல், புது ஆளு கை. நான் தீனி போடறது சாயங்காலம். பசிக்காத நேரத்துல கூப்பிட்டா நீங்க வருவீங்களா மேடம்?"

மேடம் டப்பாவைக் கீழே வைத்தார். "இருக்கலாம். இதை மட்டும் வச்சு முடிவு பண்ண முடியாது" என்றார். ஆய்வாளர் அதையும் எழுதிக்கொண்டார்.

அவ்வளவுதான், முடிந்தது என்று வால்வெட்டிக்குத் தோன்றியது. தலையைக் குனிந்து வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். நாத்தனார் அவள் முதுகில் கை வைத்தாள், பேசவில்லை. அவள் வாயே மூடிக்கொண்டது என்றால் நிலைமை என்ன என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜெயித்தவர் அதோடு விட்டிருக்க வேண்டும். விடவில்லை. "இவ்வளவு தூரம் வந்துட்டீங்க, சரக்கைப் பாத்துட்டுப் போங்க" என்று முதலாளி கைவலையை ஆழத்தில் விட்டு ஒரு அள்ளு அள்ளினார். வெள்ளைத் தொட்டி ஒன்றில் கொட்டி, மெலிந்ததை எல்லாம் குளத்தில் வீசிவிட்டு, பார்வையானதை மட்டும் வைத்துக்கொண்டார். "எப்படி இருக்கு பாருங்க மேடம், கொழுகொழுன்னு! ஓடையில கிடைக்குமா இந்த மாதிரி?"

கொழுகொழு என்ற சொல் காதில் விழுந்ததும் வால்வெட்டி நிமிர்ந்தாள். கொழுகொழு என்றால் முட்டை. முட்டை என்றால்...

அவள் ஓடிப்போய்த் தொட்டிக்கு முன்னால் மண்டியிட்டாள். வெள்ளை அடியில் ஒவ்வொரு வாலும் துல்லியமாகத் தெரிந்தது. முதல் மீன் திரும்பியது, கீழ்நுனி இல்லை. இரண்டாவதற்கும் இல்லை. அடுத்தது முழு வால். அதற்கடுத்தது, அதோ, சாய்வாக ஒரு துணுக்கு.

"என் மீன்!" என்று அவள் போட்ட சத்தத்தில் வேலியில் உட்கார்ந்திருந்த காக்கை பறந்துவிட்டது. "மேடம், இது என் மீன்! இதோ, இதோ, இதுவும்! நான் விட்ட மீன்!"

"மீனுக்கு என்ன பேரா எழுதியிருக்கு?" என்றார் முதலாளி. "வால் எங்கயாவது மாட்டிப் பிஞ்சிருக்கும்."

"பேர் எழுதலை, கையெழுத்துப் போட்டிருக்கேன்." அவள் எழுந்து நேராக ஆய்வாளரிடம் போனாள். முழங்காலில் சேறு, கண்ணில் நீர், முகம் முழுக்கச் சிரிப்பு. "சார், நீங்க எம்மேல எழுதினீங்களே, அந்த ரெண்டாவது குற்றம். அதைக் கொஞ்சம் சத்தமாப் படிங்க சார்."

ஆய்வாளர் கோப்பைத் திறந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார்: "மேற்படி நபர், முட்டையுள்ள மீன்களைத் திரும்ப ஓடையில் விடுவதற்கு முன், அவற்றின் வால்துடுப்பின் கீழ்நுனியை, இடது கையால், தலைப்பக்கம் சாய்வாக, சுமார் மூன்று மில்லிமீட்டர் அளவுக்கு..."

குரல் தேய்ந்துகொண்டே வந்து நின்றது. அவர் தொட்டியைப் பார்த்தார், தான் வரைந்த படத்தைப் பார்த்தார், மறுபடி தொட்டியைப் பார்த்தார். பிறகு கசங்காத கால்சட்டையோடு அந்தச் சேற்றில் அப்படியே மண்டியிட்டு, பையிலிருந்து அளவுகோலை எடுத்தார்.

"மூணு" என்றார். அடுத்த மீனைப் பிடித்தார். "மூணு." அடுத்தது. "ரெண்டரை, கொஞ்சம் வளர்ந்திருக்கு. மேடம், சாய்வு கூட அப்படியே இருக்கு. அம்புக்குறி போட்ட இடத்துலயே இருக்கு."

தொட்டியில் இருந்த முப்பத்திரண்டு மீனில் பத்தொன்பதுக்கு அந்த வெட்டு இருந்தது.

"இந்த வெட்டு எத்தனை நாள்ல வளரும்?" என்று மேடம் கேட்டார்.

"அஞ்சாறு வாரம் மேடம்."

"அப்ப அஞ்சாறு வாரத்துக்குள்ள இது எல்லாம் ஓடையில இருந்திருக்கு." மேடம் முதலாளி பக்கம் திரும்பினார். "உங்க குளத்துல பொரிச்ச மீன் எப்படி சார் ஓடைக்குப் போய் முடி வெட்டிக்கிட்டு வந்துச்சு?"

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். முதலாளிக்கு வேர்த்துக் கொட்டியது. கடைசியில் ஒரு வழி அகப்பட்ட மாதிரி கையை நீட்டினார்: "இவதான்... இவதான் எனக்கு வித்தா! ஓடையில பிடிச்சு என்கிட்ட வித்தா!"

"ஓ. ஓடை மீனை வாங்கினீங்களா?"

"ஆமா மேடம்!"

"வாங்கிட்டு, மாசாமாசம் என் குளத்துல பொரிச்சதுன்னு கையெழுத்துப் போட்டீங்களா?"

முதலாளி கைக்குட்டையைத் தேடினார்.

"விக்கிறவ எதுக்கு சார் அடையாளம் வெட்டி விடணும்?" என்று ஆய்வாளர் திடீரென்று கேட்டார். தரையில் மண்டியிட்டபடியே கேட்டார், காதெல்லாம் சிவந்திருந்தது. "அவங்க திருப்பி விட்டதை நானே நின்னு பாத்தேன். எழுதியும் இருக்கேன்." பிறகு வால்வெட்டியை நிமிர்ந்து பார்த்து, "அன்னிக்கு லாரித் தடத்தையும் வந்து பாத்திருக்கணும்மா. என் தப்பு" என்றார்.

அரை மணி நேரத்தில் எல்லாம் மாறிவிட்டது. குளத்து வேலிக்கு சீல் விழுந்தது. முதலாளியின் குளத்து லைசென்ஸ் அங்கேயே பிடுங்கப்பட்டது. வழக்கு தனியாக வரும் என்றார் மேடம். மீன்களை என்ன செய்வது என்ற பேச்சு வந்தபோது வால்வெட்டி லாரியைக் காட்டினாள். "கொண்டு வந்த வண்டியே கொண்டு போய் விடட்டும் மேடம். அதுக்குத்தான் வழி நல்லாத் தெரியுமே."

அன்று மாலை வெளிச்சம் இருக்கும்போதே ஐந்து நடை. முதலாளியின் லாரி, முதலாளியின் டிரைவர், முதலாளியின் டீசல். மேல் மடுவில் வால்வெட்டி முட்டளவு தண்ணீரில் நின்று தொட்டிக் குழாயின் வாயைப் பிடித்துக்கொண்டாள். மீன்கள் கொட்டின, ஒரு கணம் திகைத்து நின்றன, பிறகு ஓட்டத்தை எதிர்த்துத் தலையைத் திருப்பி, விர்ரென்று கல்லிடுக்குக்குள் போய் மறைந்தன. கணுக்காலில் அவை உரசிப் போகும்போது அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. வந்ததை அவள் அடக்கவும் இல்லை. செய்தி கேட்டு ஓடி வந்த தூண்டில்காரர்கள் கரையில் நின்று விசில் அடித்தார்கள். "அக்கா, மொதலாளி வாலையும் ஒட்ட நறுக்கிட்டீங்களே!" என்று ஒருவர் கத்தினார். கரையே சிரித்தது.

கூட்டம் கலைந்த பிறகு ஆய்வாளர் தயங்கித் தயங்கி வந்தார். கால்சட்டை முழுக்கச் சேறு. "அந்த நோட்டீஸைக் குடுங்கம்மா. ரெண்டு குற்றத்தையும் அடிச்சுக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

நாத்தனார் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அவர் முதல் குற்றத்தின் குறுக்கே அளவுகோல் வைத்து நேராக ஒரு கோடு போட்டார். இரண்டாவதுக்குப் பேனா இறங்கும்போது வால்வெட்டி அவர் கையைத் தடுத்தாள்.

"அதை அடிக்காதீங்க சார்."

"ஏம்மா? குற்றம்னு இருக்கே."

"இருக்கட்டும். நான் செஞ்ச வேலையை இவ்வளவு அழகா யாரும் எழுதினதில்லை."

இப்போது அந்தத் தாள் கண்ணாடி போட்டுக் கடையின் நடுத்தொட்டிக்கு மேலே தொங்குகிறது, அம்புக்குறி போட்ட படத்தோடு. ஓடை மெல்லத் திரும்புகிறது. போன வாரம் முக்கால் வாளி. கொழுத்த மீன் வேண்டும் என்று யாராவது கேட்டால் நாத்தனார் புலம்புவதில்லை. வந்தவரை நிற்க வைத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, ஆய்வாளர் குரலிலேயே இரண்டாவது குற்றத்தை முதல் எழுத்திலிருந்து படித்துக் காட்டுகிறாள். "இடது கையால்" என்ற இடம் வரும்போது வால்வெட்டி தொட்டியிலிருந்து அந்தக் கையை எடுத்து, தண்ணீர் சொட்டச் சொட்ட உயர்த்திக் காட்டுவாள்.